வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்குக் குடலிறக்கம்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டி அருகே வசிக்கும் என் தாயார், சிறுநீரகச் செயலிழப்பு காரணமாக வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் (குழாய் வழியே வயிற்றுக்குள் திரவத்தைச் செலுத்தி, ரத்தக் கழிவுகள் அதில் சேர்ந்தபின் வெளியேற்றும் முறை) செய்துவருகிறார். அண்மையில் அவருக்குத் தொப்புளருகே ஒரு வீக்கம் தோன்றியிருக்கிறது. நிற்கும்போதும் இருமும்போதும் பெரிதாகிறது, படுத்தால் அடங்குகிறது. மருத்துவர் அதைக் குடலிறக்கம் என்று உறுதிசெய்து, வலை வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்துள்ளார்.

ஒவ்வொரு முறையும் சுமார் 2 லிட்டர் திரவம் வயிற்றுக்குள் நிற்பதால் அழுத்தம் கூடி, தொப்புள், தொடை இடுக்கு, பழைய அறுவைத் தழும்பு போன்ற பலவீனமான இடங்களின் வழியே குடல் பிதுங்குவது இச்சிகிச்சையில் நன்கு அறியப்பட்ட சிக்கல்தான் என்றும், அதற்காக இம்முறையையே கைவிட வேண்டியதில்லை என்றும் அவர் விளக்கினார். வீக்கம் உள்ளே போகாமல் கடினமாகி, வலியோ வாந்தியோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் கவலையெல்லாம் அறுவைக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றியது. புண் ஆறும்வரை தற்காலிகமாக, மருத்துவமனைக்குச் சென்று இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ரத்த டயாலிசிஸுக்கு மாறுவது ஒரு வழி. படுத்த நிலையில், குறைந்த அளவுத் திரவத்துடன், இரவில் இயந்திரத்தின் மூலம் வயிற்றுவழி டயாலிசிஸையே வீட்டில் தொடர்வது மற்றொன்று. வாரம் மூன்று முறை மதுரைக்குப் பேருந்தில் வந்துபோவதை அம்மாவின் உடல் தாங்காது என்பதால், இரண்டாவது வழியையே விரும்புகிறோம்.

மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில் இந்நிலையைக் கடந்தவர்கள் இருந்தால், எந்த வழியைப் பின்பற்றினீர்கள், திரவத்தின் அளவை எப்படிப் படிப்படியாகக் கூட்டினார்கள், வீக்கம் மீண்டும் வந்ததா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். அந்த இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.