ஏழாம் அத்தியாயத்தில் ஒரு படகு

பூத்துறைக்காரன்:
நம் வாசகர் வட்டத்தில் கைமாறிவரும் கடற்கொள்ளையர் நாவலின் கையெழுத்துப் பிரதியை நேற்றிரவு முடித்தேன். வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஏழாம் அத்தியாயம்! போர்க்கப்பல் தளபதி தொலைநோக்கியில் ஒரு படகைப் பார்க்கிறார், ‘அவர்கள்தான்’ என்கிறார், சுடச் சொல்கிறார். படகு எரிகிறது. அடுத்த பத்தியில் தேநீர் அருந்துகிறார். அந்தத் தேநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

தக்கலை மாலுமி:
தம்பி, சாகச நாவலை விசாரணைக் கமிஷன் அறிக்கைபோல வாசித்தால் எப்படி? நான் கடற்படையில் இருந்தவன். கொள்ளையரைக் கண்டதும் சுட்டுத் தள்ளுவதாக நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் ‘ரூவென்’ சரக்குக் கப்பலை மீட்க ஐ.என்.எஸ். கொல்கத்தா 40 மணி நேரம் பொறுமை காத்தது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், மாலுமிகள் 17 பேரும் உயிரோடு திரும்பினார்கள். இந்தப் பெருமையை ஒருவர் நாவலாக எழுத வந்தால் தேநீரில் ஈ தேடுகிறீர்கள்.

பூத்துறைக்காரன்:
ஐயா, அந்தப் பொறுமையைத்தான் நாவலில் தேடினேன், காணவில்லை. கொள்ளை அபாயப் பகுதி என்று கப்பல் நிறுவனங்கள் போட்ட கோடு 2010இல் 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை வரை வந்தது. வரைபடத்தைப் பாருங்கள்: கன்னியாகுமரி முனையே அதற்கு மேற்கே இருக்கிறது. மாவட்டத்தின் மேற்கு முனைக் கிராமமான நீரோடி முதல் நம் கடல் முழுக்க அந்தக் கோட்டுக்குள். 2012 பிப்ரவரி 15 அன்று இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த வீரர்கள் ‘செயின்ட் ஆண்டனி’ விசைப்படகைக் கொள்ளையர் படகு என்று கருதிச் சுட்டார்கள். செத்த இருவரில் ஒருவர் நம் மாவட்டத்துப் பிள்ளை. 2021இல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தது. அந்த அபாயக் கோடு 65 டிகிரிக்குப் பின்வாங்க 2015 டிசம்பர் ஆனது.

தக்கலை மாலுமி:
அது வணிகக் கப்பல். நம் கடற்படையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

கோட்டாறு வாசகி:
இருவரும் சுட்டவனைப் பற்றியே பேசுகிறீர்கள். என் குறை வேறு. இந்த நாவலில் கொள்ளையர் படகு ஆகாயத்திலிருந்து விழுந்ததுபோல் வருகிறது. உண்மையில் அது பெரும்பாலும் யாரோ ஒரு மீனவனிடமிருந்து பறித்த படகு. 2024 ஜனவரியில் ஐ.என்.எஸ். சுமித்ரா அடுத்தடுத்து இரண்டு ஈரானிய மீன்பிடிப் படகுகளை மீட்டது. ஒன்றில் 17 ஈரானியர், இன்னொன்றில் 19 பாகிஸ்தானியர். அப்படியானால் ஏழாம் அத்தியாயத்தில் எரிந்த படகின் அடித்தட்டில் யார் இருந்தார்கள்? ஆசிரியர் எட்டிப் பார்க்கவே இல்லை. கதையின் உயிர்நாடி அங்கேதானே கிடக்கிறது? (பூத்துறைக்காரருக்கு ஒரு வார்த்தை: அத்தியாயம்தோறும் தளபதி தயங்கிக்கொண்டே இருந்தால் நான் பத்தாம் பக்கத்தில் தூங்கிவிடுவேன்.)

தக்கலை மாலுமி:
அம்மா கேட்ட கேள்வி வலிக்கிறது. 2008 நவம்பரில் ஏடன் வளைகுடாவில் ஐ.என்.எஸ். தபார் ஒரு தாய்க்கப்பலை, அதாவது கொள்ளையர் தங்கள் சிறு படகுகளை ஏவும் பெரிய கப்பலை, மூழ்கடித்தது. கொள்ளையர் மேல்தட்டில் ஆயுதத்தோடு நின்று மிரட்டினார்கள், சுட்டார்கள். தற்காப்புக்கு நம்மவர்கள் திருப்பிச் சுட்டார்கள். பிறகுதான் அது கடத்தப்பட்ட தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்று தெரிந்தது. மாலுமிகளில் ஒரே ஒருவர் நாட்கணக்கில் மிதந்து பிழைத்தார். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதே உத்தரவைத்தான் கொடுத்திருப்பேன். தேநீர் இறங்கியிருக்குமா என்பது வேறு.

நாவலை எழுதியவன்:
மூன்று நாளாக வாய் திறக்காமல் வாசித்தேன். குண்டு பாயத்தான் செய்யும், அதை எடுக்க மாட்டேன். மீனவர்களுக்காக ஒரு கண்ணீர் அத்தியாயம் ஒட்டவும் மாட்டேன். அடித்தட்டைப் பற்றி யோசிக்கிறேன். பூத்துறை அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும்: கொள்ளையர் இல்லையென்றால் ஒரு படகு ஏன் பெரிய கப்பலை நோக்கி முழு வேகத்தில் பாய வேண்டும்? தளபதி சந்தேகப்பட்டது அதனால்தானே?

பூத்துறைக்காரன்:
தம்பி, நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகும்போது கடலில் கிலோமீட்டர் கணக்கில் வலையோ தூண்டில் கயிறோ கிடக்கும். கப்பல் அதன்மேல் ஏறினால் ஒரு பயணத்துக்குப் போட்ட முதலீடே போய்விடும். வானொலியில் கூப்பிட்டாலும் பல நேரம் பதில் வராது. ஆகவே படகை ஓட்டும் ஸ்ராங்கு அதைத் திருப்பிக் கப்பலுக்கு நேராக விடுவார். மற்றவர்கள் முன்னால் நின்று, கையில் அகப்பட்ட துணியை வீசி, விலகிப் போகச் சொல்லிக் கத்துவோம்.