மார்பில் ஒட்டிய பீசோ சென்சாரில் இதய ஒலி விழவில்லை; உதவி தேவை

மலர்_ஈசிஇ:
இறுதியாண்டுத் திட்டத்துக்காக, மார்பில் ஒட்டிக்கொண்டு இதய ஒலியைப் பதியும் சிறு பட்டை ஒன்று செய்கிறேன். 27 மி.மீ. பீசோ தகடு (அதிர்வை மின்னழுத்தமாக்குவது), ஓப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி), ஈஎஸ்பி32 (சிறு கணினிச் சில்லு). நொடிக்கு 500 மாதிரிகள். தகட்டை விரலால் தட்டினால் பெரிய அலை எழுகிறது. மார்பில் ஒட்டினாலோ வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சட்டை உரசும் ஓசையும்தான். மென்பொருளில் எந்த வடிகட்டி போட்டும் லப்-டப் தென்படவில்லை. உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம். எங்கே தேடுவது?

சால்டரிங்_தாத்தா:
அந்த 10 கிலோ ஓமில்தான் எல்லாம் தொலைகிறது, அம்மா. பீசோ தகடு ஒரு மின்தேக்கியைப் போன்றது. இந்த அளவில் சுமார் 20 நானோஃபாரட் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை தேய்ந்துவிடும். இதய ஒலியின் பெரும்பகுதியோ 20 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள். வாசலிலேயே போய்விட்டதை மென்பொருள் எப்படி மீட்கும்? 1 மெகா ஓம் போடுங்கள். எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஓப்-ஆம்புக்கு எம்சிபி6002 சில்லு போதும். மின்தடை கூடினால் 50 ஹெர்ட்ஸ் இன்னும் எளிதாக நுழையும் என்பதால் ஷீல்டு கேபிள் (உலோக உறை சுற்றிய கம்பி) அவசியம். தகட்டின் பித்தளைப் பக்கத்தைக் கிரவுண்டில் இணையுங்கள். பேட்டரியில் மட்டுமே இயக்குங்கள். ஆள் மேல் ஒட்டியிருக்கும்போது சார்ஜரில் செருகிய மடிக்கணினியோடு இணைக்கவே கூடாது. உயிர் விஷயம்.

செவிலியர்_வார்டு7:
இடத்தையும் பாருங்கள். முதல் ஒலி (லப்) இடது ஐந்தாம் விலா இடைவெளியில், காரை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே ஓங்கிக் கேட்கும். பெண்களுக்கு அங்கே ஒலி மங்கலாம். மார்பெலும்பின் இடது ஓரம் வசதி. மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். தகட்டின் விளிம்பு தூக்கி நின்றால் காற்று புகுந்து எல்லாம் கெட்டுவிடும். தோல் சிவந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

மலர்_ஈசிஇ:
தாத்தா, அக்கா, இரண்டு ஒலியும் தனித்தனியாகத் தெரிகின்றன! மிக்க நன்றி. சட்டை உரசல் மட்டும் போகவில்லை. மூச்சொலியும் பிடிபடவில்லை.

சால்டரிங்_தாத்தா:
மகிழ்ச்சி, அம்மா. மூச்சொலி 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை போகும். நொடிக்கு 500 மாதிரி எடுத்தால், அதில் பாதியான 250 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் சரியாகப் பதியாது. 4000 ஆக்குங்கள், ஏடிசிக்கு (அலையை எண்ணாக மாற்றும் பகுதி) முன்னால், சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் குறைக்க ஓர் ஆர்சி வடிகட்டி (ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி) வையுங்கள். உரசலுக்கு வெளிப்பக்கம் பார்த்த இன்னொரு சென்சார் வேண்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு 2023இல் வெளியிட்ட, குறைமாதக் குழந்தைகளுக்கும் ஒட்டிய கருவியில் உடலை நோக்கி ஒரு மைக்கும் வெளியை நோக்கி ஒன்றும் உண்டு. உள் சென்சாரின் அலையிலிருந்து வெளி சென்சாரின் அலையை நேரடியாகக் கழித்தால் சரிவராது. இரைச்சலுக்கேற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் எல்எம்எஸ் வடிகட்டியில் தொடங்குங்கள்.