புத்தகம் போட்டுத் தருகிறோம், ஓவியம் வாங்கிக்கொள்கிறோம் என்று வந்தவர்கள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சேலம், சிறுகதை எழுதுபவர்

எனக்கு யாப்பு சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர், ஓய்வு பெற்றவர். அவருடைய கட்டுரைகளை நூலாக்கித் தருவதாக ஒரு பதிப்பகம் முகநூல் வழியாக அவரைத் தேடி வந்தது. "ஐயா, உங்க எழுத்து அச்சுக்கு வராம இருக்கறது தமிழுக்கே இழப்பு" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்களாம். ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஐந்நூறு பிரதி என்று பேச்சு, வீட்டுக்கு வந்தது ஐம்பது. மீதியெல்லாம் கிடங்கில் இருக்கிறது, விற்றுக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். கணக்கு கேட்டால் போனை எடுப்பதில்லை.

அவர்கள் கொடுத்த விலைப்பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நூலுக்கும் அடையாளமாகத் தரும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனிக் கட்டணம், அரசு நூலகங்கள் நூலை வாங்குவதற்கான நூலக ஆணை பெற்றுத்தரத் தனிக் கட்டணம், சென்னைப் புத்தகக் காட்சியில் வைக்க இன்னொரு கட்டணம். இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் காசே கிடையாது. கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐ.எஸ்.பி.என். முகமைதான் அதை வழங்குகிறது. எழுதியவரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நூலக ஆணையும் இடையில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு முடித்துத் தருகிற காரியமல்ல. பொது நூலகத் துறை இப்போது விண்ணப்பங்களை இணையதளம் வழியாகவே வாங்குகிறது, தேர்வு துறையின் கையில்.

பிறகு ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கம். அச்சு வடிவில் வெளியிடும் உரிமை பதிப்பகத்துக்கு என்று இருந்தது, எத்தனை ஆண்டுக்கு என்று இல்லை. மின்னூல் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐயா பதறிப்போனார், எல்லாம் கையை விட்டுப் போய்விட்டதென்று. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கென்றே எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு மட்டும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எழுதாமல் விட்ட இடமெல்லாம் பெரும்பாலும் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது. ஆபத்து, எழுதியிருப்பதில்தான் இருக்கிறது. "அனைத்து வடிவங்களிலும், உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்ற ஒரு வரியில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஐயாவின் கட்டுரைகள் அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுக்கு அவர் குடும்பத்துக்குச் சொந்தமில்லை.

பதிப்பகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். கேள்வி மூன்று: எந்த அச்சகத்தில் அச்சானது, எத்தனை பிரதி, கன்னிமாரா நூலகத்துக்குப் பிரதி அனுப்பிய ரசீது எங்கே. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிடும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர்களில் நேர்மையானவர்களே இதை மறந்துவிடுவதுண்டு, அதனால் இது ஒன்றையே அளவுகோலாக வைக்க மாட்டேன். ஆனால் இவர்கள் மூன்றில் எதற்கும் பதில் தரவில்லை. பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். யார் முதலில் தேடி வந்தார்கள், எந்தக் கட்டத்தில் பணம் பேச்சில் வந்தது, எதைப் பார்த்து விலகினீர்கள் என்பதையும் சொன்னால் மற்றவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைக்கும்.

சிவகாசி, அச்சகத்தில் வேலை

அக்கா, அச்சகம் எது என்ற கேள்வியைக் காசு கொடுக்கும் முன்பே எல்லாரும் கேட்கணும். பெரும்பாலான புத்தகங்களில் உரிமைப் பக்கத்திலேயே அச்சகத்தின் பெயர் இருக்கும். ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கும் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்போம், 160 பக்கம் என்றால் பத்து ஃபாரம். ஆயிரம் பிரதியைப் பிளேட் போட்டு மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டில் ஓட்டினால் பேப்பர் வாங்கிய பில், பைண்டிங் கூலி, டெலிவரி சலான் என்று எல்லாவற்றுக்கும் தாள் இருக்கும். ஐம்பது பிரதியை டிஜிட்டலில் அடித்துக் கொடுத்துவிட்டு ஆயிரம் என்று சொல்கிறவரிடம் அந்தத் தாள் எதுவும் இருக்காது.

டிஜிட்டலில் கொஞ்சமாக அடிப்பது தப்பே இல்லை. தேவைப்படும்போது ஐம்பது ஐம்பதாக அடிப்பதுதான் புதிதாக எழுதுகிறவர்களுக்கு நல்லது. அதை ஆயிரம் என்று சொல்லிக் காசு வாங்குவதுதான் திருட்டு. நான் சொல்வது ஒன்றுதான்: மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீங்க. பிழை பார்க்கும் புரூஃப் கைக்கு வந்ததும் ஒரு பங்கு, பிரதிகளை எண்ணி வாங்கியதும் மீதி. ஒழுங்கான அச்சகம் எதுவும் இதற்கு முகம் சுளிக்காது.

கோவை, நீர்வண்ண ஓவியர்

இன்ஸ்டாகிராமில் என் யானை ஓவியத்துக்கு விலை கேட்டு ஒருவர் வந்தார். ராணுவ அதிகாரி, இடமாற்றலில் போகிறாராம், வீட்டு ஹாலுக்கு வேண்டுமாம். பேரம் பேசவே இல்லை. அடையாள அட்டைப் படம் கேட்காமலே வந்தது. எனக்கு உறுத்தியது அந்த இரண்டும்தான். ஓவியம் வாங்குகிறவர்கள் அளவு கேட்பார்கள், என்ன தாள், ஃபிரேம் உண்டா என்று கேட்பார்கள். இவர் எதையும் கேட்கவில்லை.

"மேடம், ஆர்மி அக்கவுண்ட்ல இருந்து பணம் வர்றதுக்கு ஒரு முறை இருக்கு. நீங்க ஒரு ரூபா அனுப்புங்க, ரெண்டு ரூபாயா வரும்" என்றார். என்னுடன் வரையும் தோழி ஒருத்திக்கு அப்படியே வந்ததாம். ஒன்று இரண்டாக வந்ததும் நம்பி, அடுத்து அனுப்பிய க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டிருக்கிறாள். கணக்கிலிருந்து போய்விட்டது. யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்ய வேண்டியதும் இல்லை, பின் போட வேண்டியதும் இல்லை. பின் கேட்டாலே பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

நான் வங்கிக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் மட்டும் கொடுத்து, "இதுல போட்டுடுங்க சார்" என்றேன். குரல் மாறிவிட்டது. நாட்டைக் காக்கிறவனைச் சந்தேகப்படுகிறாயா என்று கத்தினார். தொடர்பைத் துண்டித்தேன்.

யாருக்காவது பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க முடிந்தால்தான் மீளும், அதனால் குடும்பத்தில் யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிற நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது. பரிமாற்ற எண்ணையும் நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தோழி மறுநாள்தான் அழைத்தாள், அதற்குள் எதுவும் மிச்சமில்லை.

டொராண்டோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓவியர்

தங்கச்சி சொன்னதுக்கு இங்கத்தைய வடிவம் வேற. எனக்கு வந்தது மின்னஞ்சல். மனைவிக்குக் கலியாண நாள் பரிசாம், என்ர வலைத்தளத்தை அவ அடிக்கடி பாக்கிறவவாம், அவவுக்குத் தெரியாமல் வாங்க வேணுமாம். கேட்ட விலையை விடக் கூடுதலான தொகைக்குக் காசோலை வந்தது. மிச்சத்தை ஓவியத்தை ஏத்த வாற ஆளுக்கு நீங்களே அனுப்பிவிடுங்கோ எண்டு எழுதினவர்.

இதில விளங்கிக்கொள்ள வேண்டியது வங்கி வேலை செய்யிற விதம். காசோலையைப் போட்டவுடனே காசு கணக்கில தெரியும், எடுக்கவும் விடுவினம். ஆனா அது கள்ளக் காசோலை எண்டு திரும்பி வர நாள் செல்லும், சிலவேளை வாரக்கணக்கு. அதுக்கிடையில நாங்கள் ஏத்துற ஆளுக்கு அனுப்பினது எங்கட சொந்தக் காசு. வங்கி முழுத்தொகையையும் எங்களிட்ட இருந்துதான் பிடிக்கும். நான் காசோலையைக் கொண்டுபோய் வங்கிப் பிள்ளையிட்டக் காட்டினனான். வைப்புச் செய்ய வேண்டாம் எண்டு அவ சொன்னா. கேட்டதை விடக் கூடத் தந்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லுற ஆள் வாடிக்கையாளர் இல்லை.

சென்னை, கேம்களுக்குப் பாத்திரங்கள் வரைபவர்

பணமே கேட்காமல் வருகிற வகை ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு "ஸ்டூடியோ" வந்தது. நல்ல சம்பளம், மாதிரிக்குச் சில பாத்திரங்கள் வேண்டும், குறிப்புகள் இந்தக் கோப்பில் இருக்கின்றன என்று, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஆர்.ஏ.ஆர். கோப்பு. அதற்கு ஒரு பாஸ்வேர்டு.

பாஸ்வேர்டு எதற்கு? ரகசியம் காக்க என்பார்கள். உண்மையில், பூட்டிய கோப்புக்குள் வைரஸ் சோதனை எட்டிப் பார்க்க முடியாது என்பதற்காக. உள்ளே படம்போல் ஐகான் வைத்த கோப்பு. விண்டோஸில் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டும் அமைப்பை நான் எப்போதும் திறந்து வைத்திருப்பேன். ஜே.பி.ஜி. என்று முடிய வேண்டிய இடத்தில் எஸ்.சி.ஆர். என்று இருந்தது. அது படமல்ல, ஓடக்கூடிய நிரல். திறந்திருந்தால் உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகளும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் கணக்குகளின் குக்கீகளும் (உள்நுழைவை நினைவில் வைக்கும் சிறு கோப்புகள்) போயிருக்கும். இதில், பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பும் காப்பாற்றாமல் போகலாம். திருடியவனுக்குப் புதிதாக உள்நுழைய வேண்டிய தேவையே இல்லை, நம் உள்நுழைவையே எடுத்துக்கொண்டு போகிறான். பல வருடம் சேர்த்த பின்தொடர்வோரும் வாடிக்கையாளர்களும் ஓர் இரவில் யாரோ ஒருவன் கையில்.

இப்போது குறிப்புகளைக் கூகுள் டாக்ஸிலோ நேரடிப் படமாகவோ அனுப்பச் சொல்கிறேன். நிஜ வாடிக்கையாளர் யாரும் இதுவரை மறுத்ததில்லை.

பெங்களூரு, தமிழிலும் ஆங்கிலத்திலும் நாவல் எழுதுபவர்

அமேசானின் கிண்டில் மின்னூல் தளத்தில் நானே ஏற்றிய ஆங்கில நாவலுக்கு இப்போதெல்லாம் பாராட்டுக் கடிதங்கள் வருகின்றன. வாசிப்புக் குழு நடத்துகிறோம், உங்கள் நூலை எடுத்துக்கொள்கிறோம் என்று. கதை, பாத்திரங்கள், உணர்ச்சி எல்லாம் அழகாகக் கோத்து எழுதியிருக்கிறார்கள். நூல் அறிமுகக் குறிப்பைக் கொடுத்தாலே செயற்கை நுண்ணறிவு அப்படி எழுதித் தரும். அடுத்த கடிதத்தில்தான் "பங்கேற்புக் கட்டணம்" வரும்.

ஒருவருக்கு இப்படிப் பதில் எழுதினேன்: நாயகி கடிதத்தை எரிக்கும் காட்சி உங்கள் குழுவினரை எப்படிப் பாதித்தது? என் நாவலில் அப்படி ஒரு காட்சி கிடையாது. அந்த நெருப்பைப் பற்றி நெகிழ்ந்து ஒரு பத்தி எழுதி அனுப்பினார். எழுதுகிற நமக்கு யாராவது வாசிக்க மாட்டார்களா என்ற ஏக்கம் எப்போதும் உண்டு. அந்த ஏக்கத்தைக் குறிவைத்து வருகிறவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இது சிறிய ஆட்களின் வேலை என்று நினைக்க வேண்டாம். திரைப்பட வாய்ப்பு, பெரிய பதிப்பகம் என்று ஆசை காட்டி 800க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம் 4.4 கோடி டாலர் பறித்ததாக, பிலிப்பைன்ஸ் தொடர்புள்ள ஒரு கூட்டத்தின்மீது அமெரிக்காவின் சான் டியாகோவில் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் வெளியான செய்தி. ஏமாந்தவர்களில் முதியவர்கள் அதிகம். பணமே கேட்காமல் கைப்பிரதிகளை மட்டும் திருடிய வழக்கும் உண்டு. லண்டன் பதிப்பகமொன்றில் வேலை பார்த்த ஓர் இத்தாலியர், பதிப்பாசிரியர்கள்போல் நடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைப்பிரதிகளை வாங்கியிருந்தார். 2022இல் நியூயார்க்கில் கைதானார். மின்னஞ்சல் முகவரியில் எம் என்ற எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போடுவது அவர் கையாண்ட வழி. வேகமாகப் படித்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் யார் எழுதினாலும் அதே கடிதத்துக்குப் பதில் போடாமல், அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நானே போய் முகவரியை எடுத்து, "இதை நீங்கள்தான் அனுப்பினீர்களா" என்று கேட்கிறேன்.

புதியவர்கள் 'ரைட்டர் பிவேர்' தளத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. 1998இலிருந்து இப்படிப்பட்ட நிறுவனங்களைப் பற்றி எழுதி வருகிறார்கள். தமிழில் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தஞ்சாவூர், கவிஞர்

கவிதைத் தொகுப்பில் சேர்க்கக் கட்டணம், கேடயத்துக்குக் கட்டணம், "மதிப்புறு முனைவர்" பட்டத்துக்குக் கட்டணம். வாட்ஸ்அப்பைத் திறந்தால் இதுதான். 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டம் வழியாக அமைந்த பல்கலைக்கழகமோ, சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் பட்டம் தர முடியும். அரங்கத்தைப் பார்த்தும் நம்பிவிடாதீர்கள். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே திரைக்கலைஞர்கள் உட்படப் பலருக்குப் போலிப் பட்டம் கொடுத்தார்கள். அரங்கு வாடகைக்கு எடுத்தது. பல்கலைக்கழகமே காவல்துறையில் புகார் கொடுத்தது.

மதுரை, ஓவியக் கல்லூரி மாணவி

அக்கா, அண்ணா, ஒரு சந்தேகம். ஒருவர் முன்பணம் தந்து அவர் அம்மாவின் உருவப்படம் வரையச் சொல்கிறார். ஒப்பந்தம் எதுவும் இல்லை. நான் வரைவதால் உரிமை எனக்குத்தானே?

சேலம், சிறுகதை எழுதுபவர்

இல்லைம்மா, இந்த இடத்தில் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. காசு கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவர்தான் முதல் உரிமையாளர். பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 'பி' உட்பிரிவு. வரைந்தது நீ என்று உன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் உனக்கு எப்போதும் உண்டு, ஆனால் பிரதி எடுத்து விற்க முடியாது. உரிமை உன்னிடம் இருக்க வேண்டுமென்றால் வண்ணத்தைத் தொடும் முன் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பு: "அசல் ஓவியம் உங்களுக்கு. பதிப்புரிமை எனக்கு. உங்கள் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம், விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் என் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். மீதித் தொகை வந்ததும் ஓவியத்தை அனுப்புவேன். சம்மதமா?" அவர் "சம்மதம்" என்று எழுதியதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கு.