மறு: 'கல்லீரல் நொதி உயர்வு' – இந்தச் சொல் சரிதானா?

> எலிவேட்டட் லிவர் என்சைம்ஸ் என்பதற்கு 'கல்லீரல் நொதி உயர்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே. படித்தவுடன் புரிகிறது.

வணக்கம்.

புரிகிறதுதான், ஆனால் தலைகீழாகப் புரிகிறது. போன மாதம் என் சித்தப்பாவுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தோம். எஸ்ஜிபிடி 92. பக்கத்திலேயே '40 வரை' என்று அச்சிட்டிருந்தது. "ஈரல் டெஸ்ட்ல உயர்ந்திருக்கு" என்று யாரோ சொல்ல, "பரவாயில்லையே, இந்த வயசுலயும் ஈரல் நல்லா வேலை செய்யுது" என்று மீசையைத் தடவிக்கொண்டார் மனிதர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் உயர்வு என்றால் நல்லதுதானே?

எஸ்ஜிபிடி (இப்போது ஏஎல்டி என்கிறார்கள்) ஈரல் செல்லுக்குள் இருந்து வேலை பார்க்கும் நொதி. கொழுப்பு படிவது, மது, ஹெபடைடிஸ் வைரஸ், காசநோய் மாத்திரை, அளவு மீறிய பாராசிட்டமால் என எதனால் செல் அடிபட்டாலும் அது வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று அந்த எண் சொல்லாது; அதற்கு ஆல்புமின், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் இவற்றைப் பார்க்க வேண்டும். 'ஈரல் செயல்பாட்டுச் சோதனை' என்ற தலைப்பே பாதிப் பொய். அதை 'ஈரல் இரத்தச் சோதனை' என்று மாற்றினால் நல்லது. அது தனி இழையில் பேச வேண்டியது.

> அப்படியானால் 'நொதிக் கசிவு'?

அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் இடிக்கிறது. பித்தக்குழாய் அடைபட்டால் ஏறும் ஏஎல்பி என்ற இன்னொரு நொதி வெறும் கசிவு அல்ல. அப்போது ஈரல் அந்த நொதியை உண்மையாகவே கூடுதலாக உற்பத்தி செய்கிறது. ஈரல் சோதனையில் பார்க்கும் மற்றொரு நொதியான எஸ்ஜிஓடியோ தசையிலும் இதயத்திலும்கூட இருக்கிறது. முந்தின நாள் மூச்சுமுட்டப் பளு தூக்கியவருக்கும் எகிறும். தாளில் இருப்பது அளவு மட்டும். காரணத்தை மருத்துவர் சொல்லட்டும், சொல் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுத வேண்டாம்.

என் பரிந்துரை: குருதி ஈரல்நொதி மிகை. 'மிகை' என்றாலே வேண்டாத கூடுதல் என்ற தொனி வந்துவிடுகிறது. 'குருதி' முன்னால் நிற்பதால் எங்கே கூடியது என்பதும் தெரிகிறது. தசையிலிருந்து வந்த எஸ்ஜிஓடியையும் 'ஈரல்நொதி' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது என்பது குறைதான். ஆங்கிலத்திலும் அதே குறை உண்டு, சகித்துக்கொள்வோம்.

நொதியா, நொதியமா என்ற பழைய சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். இலங்கை நண்பர்கள் நொதியம் என்றே எழுதட்டும். என்சைம் என்ற சொல்லே 'ஈஸ்ட்டுக்குள்' என்ற பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து 1870களில் கூனே என்ற ஜெர்மானியர் எடுத்தது. நம் நொதியும் மாவு புளிக்கும் பானையிலிருந்து வந்ததுதான்.

சித்தப்பாவுக்கு ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று தெரிந்தது. எடையில் பத்தில் ஒரு பங்காவது குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தானாக வாங்கிக் குடித்த ஈரல் டானிக்கையும் நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை. அதற்குள் நம் கலைச்சொல் குழு ஒரு சொல்லை முடிவு செய்தால் முதலில் அவரிடமே சொல்லிப் பார்க்கிறேன். மீசையைத் தடவினால் அந்தச் சொல்லும் வேண்டாம்.