எனக்க பேரை தெனமும் பறையுற பக்கத்து வீட்டாருக்காக எப்படி ஜெபிக்கது?

பாறசாலை மருமக

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத எழுதணும்னு ரெண்டு மாசமா நெனச்சு நெனச்சு விட்டுட்டே வந்தேன், இன்னைக்கு மனசு தாங்கல. எனக்கு பிறந்த ஊரு மார்த்தாண்டம் பக்கம், கெட்டிக் குடுத்தது பாறசாலையில. களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினா வந்துரும், தூரம்னு ஒண்ணும் இல்ல. ஆனா இங்க சபையில ஆராதனை மலையாளம், பக்கத்து வீட்டுல பேச்சு மலையாளமும் தமிழும் கலந்து கெடக்கும், அதுல பாதி எனக்கு பிடிகிட்டாது, எனக்க பேரு வந்தா மட்டும் காதுல நல்லா விழும்.

வீட்டுக்காரர் கல்ஃப்ல இருக்காவ. நான் நெய்யாற்றின்கரையில ஒரு துணிக்கடையில நிக்கேன், கடை அடைக்க எட்டு மணி ஆகும், பஸ் பிடிச்சு வீடு வந்து சேர ஒம்பது ஆயிரும். எங்க வீட்டுக்குப் போற வழி மொகப்புல ஒரு வீட்டு நடையில அஞ்சாறு பேரு எப்பவும் இருப்பாவ. ஒருத்தி அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரிக்கொட்டை கம்பெனியில, வேலை பாத்தவ, ஆபீஸ் பூட்டினதுல இருந்து சும்மா. இன்னொருத்தருக்கு ரப்பர் பால்வெட்டு, மழைக்காலம் வந்தா அதுவும் இல்ல. நான் நடந்து போனா பேச்சு நிக்கும், ரெண்டு வீடு தாண்டினதும் திரும்ப தொடங்கும்.

போன மாசம் ஒரு நாள் கொட்டுற மழை, பஸ்ஸும் இல்ல, எனக்க சித்தப்பா மகன் பைக்குல கொண்டு விட்டான். அவ்வளவுதான் காரியம். மூணாம் நாள் கல்ஃப்ல இருந்து போன் வருது, யாரு அந்த பையன்னு கேட்டு. எனக்க வீட்டுக்காரர் நம்பாம கேக்கல, ஆனா கேக்க வச்சாவளே. மாமியாரும் அன்னைக்கு எனக்க மொகத்த பாத்து பேசல. நான் அந்த வழிய விட்டு இப்ப ரப்பர் தோட்டத்துக்குள்ள சுத்திப் போறேன், டார்ச்சு அடிச்சுக்கிட்டு.

ஜெபிக்காம இல்ல. ஆண்டவரே அவிய வாயை அடையும்னுதான் ஜெபிக்கேன். ஒரு நாள் 109ஆம் சங்கீதத்த எடுத்து ஒவ்வொரு வரியா வாசிச்சேன், அது தாவீது பொய் நாவுக்காரங்களப் பத்தி பாடினதுதான, வாசிக்கும்போது நல்லா இருந்துச்சு, முடிச்ச பெறகு எனக்கே பயம் வந்துட்டு. துன்பப்படுத்துறவங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இயேசப்பா சொன்னத வாயால சொல்லிருவேன், உள்ள ஒண்ணும் இல்ல. நேரா போயி கேட்டுரட்டா, இல்ல பேசாம இருக்கட்டா? அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.

கொல்லங்கோடு தம்பி

அக்கா, நீதிமொழிகள் 26:20 வாசிங்க, விறகு இல்லன்னா தீ அணைஞ்சிரும்னு இருக்கு. பதில் பேசாதீங்க, அதுதான் விறகு. ஆனா ராத்திரி தோட்டத்துக்குள்ள தனியா போகாதீங்க ப்ளீஸ், பாம்பு கெடக்கும். ரோட்டு வழியே போங்க, நீங்க தப்பு பண்ணல.

விளவங்கோடு அம்மா

மக்ளே, உனக்க எழுத்த வாசிச்சு எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு, ஏன்னா முப்பது வருசத்துக்கு முன்ன நான் இதே எடத்துல நின்னவ. எனக்கு கல்யாணம் கழிஞ்சு ஏழு வருசம் பிள்ள இல்ல. எதுத்த வீட்டுல ஒரு மாமி உண்டு, ஊருல எந்த சடங்குக்குப் போனாலும் எனக்க கதைய எனக்கு முன்ன கொண்டுபோய் சேத்திருப்பாவ. நானும் உன்னப் போலதான் ஜெபிச்சேன், வாயை அடையும், வாயை அடையும்னு. ஒரு நாளும் அடையல.

ஒரு தடவை முற்றத்துல நல்லமிளகு, அதான் குருமிளகு, ஒணக்கப் போட்டிருந்தேன், அவசரமா ஆஸ்பத்திரிக்குப் போகணும், வீட்டுல வேற ஆளு இல்ல, வானம் கறுத்துக்கிட்டு வருது. வேற வழி இல்லாம அந்த மாமிகிட்டயே போயி, நடையிலதான இருக்கிய, மழை வந்தா இத ஒண்ணு வாரி வச்சிருவியளான்னு கேட்டேன். கேக்க எனக்கு நாக்கு வரல, உள்ளதச் சொல்லுதேன். திரும்பி வந்து பாத்தா ஒரு மணி கூட நனையாம சாக்குல கெட்டி திண்ணையில வச்சு, பக்கத்துல காவலும் இருக்காவ. அன்னைக்குதான் மொதல் தடவையா அந்த வீட்டுக்குள்ள போயி கருப்பட்டி சாயா குடிச்சேன். அப்பதான் தெரியும், மூணு ஆம்பளப் பிள்ளையள், மூணும் வெளியூரு, வருசத்துல ஒரு கடுதாசி. காலம்பற எழும்பினா அவியளக் கூப்பிட ஒரு ஆளு கிடையாது, நீ வா, இத செய்யின்னு சொல்ல ஆளு கிடையாது. அதுனாலதான் அடுத்தவ வீட்டுக் கதைய தூக்கிச் சுமந்திருக்காவ.

அதுக்குப் பெறகு எனக்க ஜெபம் மாறிப் போச்சு. அதுவரைக்கும் நான் ஜெபிச்சது அவிய வாய்க்காக, அவியளுக்காக இல்ல. இப்ப அந்த மூணு பயலுவளுக்காக பேரு சொல்லி ஜெபிச்சேன், கடுதாசி வரணும்னு ஜெபிச்சேன், அது தானா மனசுல இருந்து வந்துச்சு.

ஒண்ணு யோசிச்சுப் பாரு. யோவான் 4ல இயேசப்பா சமாரியா ஸ்திரீய கிணத்துல பாத்தப்ப மொதல்ல என்ன செய்தாரு? புத்தி சொல்லல. எனக்கு தண்ணி தான்னு கேட்டாரு. அஞ்சு புருஷன் இருந்தவ, ஊரு பேசின பொம்பள, யூதரு சமாரியரோட சம்பந்தம் வைக்காத காலம், அவகிட்ட போயி தண்ணி கேக்கியாரு. நம்ம எல்லாரும் அன்புன்னா கொடுக்கதுன்னு நெனைக்கோம், பலகாரம் கொண்டு குடுக்கது, சீலை எடுத்துக் குடுக்கது. குடுத்தா அவிய கொறஞ்சுதான் போவாவ. கேட்டாத்தான் அவியளும் மனுசரு ஆவாவ. அந்த ஸ்திரீ பெறகு குடத்த அங்கயே போட்டுட்டு ஊருக்குள்ள ஓடிப்போயி பேசினா பாரு, அவ பேசினதுனாலதான் அந்த ஊரு ஆளுவ அவர்கிட்ட வந்தாவ.

அந்த மாமி பேசாம ஆயிட்டாவன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், சாகுற வரைக்கும் பேசினாவ. ஆனா எனக்க பேரு வந்தா மட்டும் அவியளே தடுத்துருவாவ. உனக்க வீட்டுல என்ன தேவை இருக்குன்னு பாரு மக்ளே, அத அவியகிட்ட கேளு.

ஓய்வு பெற்ற உபதேசியார்

அம்மா சொன்னது அனுபவ சாட்சி, அதுக்காக ஸ்தோத்திரம். ஆனா ஒரு விஷயத்துல எனக்கு கருத்து வேற. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் 16, 17, 18 இந்த மூணு வசனத்தையும் பிரிக்காம வாசிக்கணும். 16ல கோள் சொல்லித் திரியாதேன்னு இருக்கு. 18ல பிறனிடத்துல அன்பு கூருன்னு இருக்கு, நம்ம எல்லாருக்கும் மனப்பாடம் ஆனது. ரெண்டுக்கும் நடுவுல 17ல என்ன இருக்கு? உள்ளத்துல பகைய வைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள்ளுன்னு இருக்கு. அப்போ நேரா சொல்லுறதும் அன்புக்குள்ளதான் வருது. மத்தேயு 18:15லயும் நீயும் அவனும் தனிச்சிருக்கையில போய்ச் சொல்லுன்னுதான் இருக்கு. மழையத்து நல்லமிளக வாரினது வேற, புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல போன் போனது வேற. அந்த போன் போட்ட ஆளு யாருன்னு நிச்சயமா தெரிஞ்சா, தனியா போயி, அழாம, சத்தம் போடாம, இப்படி நடந்துச்சு, என் வீட்டுக்குள்ள இத்தன வேதனை வந்துச்சுன்னு சொல்லணும் மகளே. ஏலி ஆசாரியன் அன்னாளைக் குடிச்சிருக்கான்னு தப்பா நெனச்சப்ப அவ வாய மூடிக்கிட்டுப் போகல, அப்படியில்ல ஐயா, நான் மனக்கிலேசம் உள்ளவன்னு மரியாதையா சொன்னா. ஏலியும் அந்த இடத்துலயே அவள ஆசீர்வதிச்சான்.

இன்னொன்னு, இது ரொம்ப முக்கியம், நாப்பது வருசம் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தினவன் சொல்லுறேன். இந்த அஞ்சாறு பேரு விஷயத்த ஜெபக்குறிப்புன்னு எங்கயும் கொண்டுபோகாதீங்க. "இன்ன வீட்டு அக்காவுக்காக ஜெபிச்சுக்கோங்க, அவங்க நாவு சரியில்ல" அப்படின்னு ஒருத்தர் எழும்பி சொல்லுவாங்க, கண்ண மூடி ஆமென் சொல்லுவோம், வெளிய வரும்போது பத்து பேருக்கு அந்த கதை தெரிஞ்சிருக்கும். ஜெபத்துக்குள்ள புகுந்த கோளுக்கு மருந்தே கிடையாது. என் கூட்டத்துலயும் இது நடந்துச்சு, ஒரு குடும்பம் சபைக்கு வரதையே நிறுத்திட்டாங்க, அந்த பாரம் இன்னும் எனக்கு இருக்கு.

சும்மா இருக்குறதப் பத்தியும் பவுல் எழுதியிருக்காரு. 1 தீமோத்தேயு 5ல வீடு வீடா திரிஞ்சு அலப்புற இளவயசு விதவைகளப் பத்தி சொல்லிட்டு, அவங்கள சபிக்கல, குடும்பமும் பொறுப்பும் இருக்கட்டும்னுதான் சொல்லுறாரு. நம்ம நாட்டுலயும் இத செஞ்சிருக்காங்க. 1820கள்ல மிஷனெரி மால்ட் ஐயரோட மனைவி மார்த்தா அம்மா நாகர்கோவில்ல பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கத்துக் குடுத்தாங்க, அது தலைமுறை தலைமுறையா நம்ம பெண்களுக்கு சோறு போட்டுச்சு. எங்க பாட்டியும் லேஸ் பின்னினவங்க. பின்னும்போது கதை பேசத்தான் செய்வாங்க, ஆனா கண்ணி தப்பிரக் கூடாதுன்னு கண்ணு நூல்லயே இருக்கும், ரோட்டுல யாரு போறான்னு பாக்க நேரம் கிடைக்காது. அண்டி ஆபீஸ் பூட்டினதுல வேலை போன அந்த சகோதரி சும்மா இருக்கணும்னு ஆசப்பட்டு சும்மா இருக்கல, அத மறக்காதீங்க.

விளவங்கோடு அம்மா

உபதேசியாரே, 17ஆம் வசனம் சரிதான், நான் எதுக்கல. ஆனா உள்ளம் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது கடிஞ்சுக்கிடப் போனா அது சண்டையா முடியும். மொதல்ல ஒரு வாய் சாயா குடிச்சுட்டு பெறகு சொன்னா போதாதா?

ஓய்வு பெற்ற உபதேசியார்

போதும் அம்மா. சொல்லாம விட்டுரக் கூடாதுங்குறதுதான் என் கவலை.

பாறசாலை மருமக

எல்லாருக்கும் நன்றி, மூணு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன். எனக்க மாமியாருக்கு கண்ணு ஆப்ரேஷன் கழிஞ்சுது, தெனமும் நாலு நேரம் சொட்டு மருந்து விடணும், காலையிலயும் ராத்திரியும் நான் விடுவேன், பகல்ல ரெண்டு நேரத்துக்கு ஆளு இல்ல. லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்க. அம்மா சொன்னது ஓர்ம வந்துச்சு. ரெண்டு நாள் யோசிச்சேன், ஒரு நாள் அந்த நடை வரைக்கும் போயிட்டு திரும்பியும் வந்துட்டேன். மறுநாள் அண்டி ஆபீஸ் அக்காகிட்ட போயி, சேச்சி, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் அம்மைக்கு ஒண்ணு மருந்து விட்டுத் தருவியளான்னு கேட்டேன். அவிய ஒண்ணும் பேசல, கைய சீலையில தொடச்சிட்டு எழும்பி எனக்க கூடவே வந்து எந்த குப்பின்னு பாத்துட்டுப் போனாவ.

இப்ப தெனமும் வாராவ. மருந்து விட்டதும் மாமியார்கூட கொஞ்ச நேரம் இருந்து பேசிட்டுப் போவாவ போல, மாமியாருக்கும் மொகம் தெளிஞ்சிருக்கு. போன் காரியத்த உபதேசியார் ஐயா சொன்ன மாதிரி போன ஞாயிற்றுக்கிழமை தனியா வச்சு சொன்னேன். நான் அழாம சொல்லணும்னு நெனச்சேன், முடியல. போட்டது அவிய இல்ல, ஆனா யாருன்னு அவியளுக்குத் தெரியும்னு மொகத்துலயே இருந்துச்சு. நான் கேக்கல, அவியளும் சொல்லல. அன்னைக்கு உன்னப் பத்தி மோசமா பேசினதுல நானும் உண்டு பிள்ளன்னு மட்டும் சொன்னாவ.

மத்தவங்க பேச்சு நிக்கல, நேத்தும் எனக்க பேரு காதுல விழுந்துச்சு. நான் இப்ப ரோட்டு வழியேதான் வாரேன். ராத்திரி பஸ் எறங்கி நடந்து வந்தா நடையில இருந்து அந்த சேச்சி, நாலு மணி மருந்தும் விட்டாச்சுன்னு எல்லாரும் கேக்க சத்தமா சொல்லுவாவ.

ஒரே ஒரு விண்ணப்பம். பூட்டின ஆபீஸ் தெறந்து ஒருத்தருக்கு பழைய வேலை திரும்ப கிட்டணும்னு ஜெபிச்சுக்கிடுங்க. பேரு எழுதல.