புதுப்பிப்பு: 3 அழுத்தியும் நிற்காத பில் புரோகிராம்

பாளையங்கோட்டையில் என்னிடம் சி (C) புரோகிராமிங் மொழி படிக்கும் பையன் எழுதிய அல்வாக்கடை பில் புரோகிராம், வெளியேற 3 அழுத்தியும் நிற்காமல் மெனுவையே திரும்பக் காட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. பிரேக் (break) என்ற கட்டளை, தன்னை ஒட்டிச் சூழ்ந்திருக்கும் லூப்பையோ (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஸ்விட்சையோ (மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் பகுதி) மட்டும்தான் முடிக்கும். அவன் அதை ஸ்விட்சுக்குள் போட்டிருந்தான். ஸ்விட்ச் முடிந்தது, வெளியே இருந்த வைல் லூப் (நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடுவது) அது பாட்டுக்கு ஓடியது. இப்போது 3 வந்தால் ஃபிளாக் (ஓடலாமா நிற்கலாமா என்று குறித்துவைக்கும் மாறி) 0 ஆகும், வைல் நிபந்தனை அதைப் பார்த்து நின்றுவிடும். வேறு இடத்துக்கு நேரே தாவும் கோட்டூவும் (goto) இதைச் செய்யும், ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு ஃபிளாக்தான் தெளிவு.

அப்புறம், கன்டினியூ (continue) என்ற கட்டளை ஸ்விட்சைக் கண்டுகொள்ளாது, மீதி வரிகளை விட்டுவிட்டு லூப்பின் அடுத்த சுற்றுக்கே போகும். ஃபார் (for) லூப்பில், சுற்றுகளை எண்ணும் எண்ணை ஏற்றும் பகுதி அப்போதும் நடக்கும். வைலில் ஏற்றும் வரி கன்டினியூவுக்குக் கீழே இருந்தால் அது ஓடாது. எண் மாறாமல் அதே இடத்தில் சுற்றும்.