வீடியோ கேம் விளையாடும்போது தேவையே இல்லாமல் நீங்கள் செய்யும் வேலை எது?

மட்டக்களப்பு நகரிலிருந்து:

எந்தப் பயனும் இல்லாத, ஆனால் செய்யாவிட்டால் மனம் கேட்காத பழக்கங்களைப் பற்றித்தான் கேட்கிறேன். மூன்று தோட்டாவைச் சுட்டதும் துப்பாக்கியை மீண்டும் நிரப்புவது, நடந்து போக வேண்டிய இடத்தில் துள்ளித் துள்ளிப் போவது, வளைவு வந்தால் திரையோடு சேர்ந்து உடம்பையும் சாய்ப்பது. பலரும் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படி விட்டுவிட மனமில்லை. ஒருவர் வளர்ந்த ஊர், செய்த தொழில், முதன்முதலில் தொட்ட இயந்திரம் என்று இந்தப் பழக்கங்கள் பலவற்றுக்கும் எங்கோ ஒரு வேர் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

என் மாமாவிலிருந்து தொடங்குகிறேன். ஓட்டோ ஓட்டுகிறவர். கல்லடிக்கும் நகருக்கும் இடையே பல வருடங்களாக ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். ஒரு நாள் அவருடைய மகன் கணினியில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி'யைப் போட்டுக் கொடுத்தான். 2002இல் வந்த விளையாட்டு. வாகனத்தைப் பறிப்பது, இடிப்பது, பொலிஸுக்குத் தப்பி ஓடுவது என்று எதற்காக எல்லோரும் அதை விளையாடுகிறார்களோ, அதில் ஒன்றைக்கூட மாமா செய்யவில்லை. ஓரமாக நின்ற ஒரு காரில் ஏறினார். முதற்சந்தியில் சிவப்பு விளக்கு. நிறுத்தினார்.

"மாமா, சிவப்பில் போனாலும் பொலிஸ் பிடிக்காது" என்றேன். உண்மையும் அதுதான். அந்த விளையாட்டில் சமிக்ஞை விளக்கை மீறுவதற்குத் தண்டனையே கிடையாது.

"பிடிக்காவிட்டால் போகலாமா மருமகன்?" என்று கேட்டார். பச்சை விழுந்த பிறகுதான் காரை நகர்த்தினார்.

அதைவிடப் பெரிய சிக்கல், அவர் இடது பக்கத்தால் ஓட்டியது. வைஸ் சிட்டி, அமெரிக்காவின் மயாமி நகரை முன்வைத்து உருவாக்கப்பட்டது. அங்கே வாகனங்கள் வலது பக்கத்தால் போகும். எதிரே வந்தவை எல்லாம் இவர்மீது நேராக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஹோன் அடித்தார். "இந்த ஊரில் ஒருவனுக்கும் ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை" என்று மனம் வருந்திச் சொன்னார். வலது பக்கத்துக்கு மாறச் சொன்னோம். மாறுவார், அடுத்த சந்தி திரும்பியதும் கை தானாக இடது பக்கத்துக்குப் போய்விடும்.

பிறகு பாலம் வந்தது. அந்த விளையாட்டின் தொடக்கத்தில் புயல் எச்சரிக்கை என்று பாலங்கள் மூடியிருக்கும். மகன் ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தாண்டி வைத்திருந்ததால் வழி திறந்திருந்தது. போவதற்கும் வருவதற்கும் தாராளமாக இடமுள்ள பாலம். மாமா பாலத்தின் வாயில் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்க வாகனங்கள் வந்து முடியட்டும் என்று காத்திருந்தார். அவை வந்துகொண்டேயிருந்தன. அவரும் காத்துக்கொண்டேயிருந்தார்.

ஏன் நிற்கிறார் என்று எனக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தைக் கடந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒடுக்கமானது. அந்தக் கரையிலிருந்து வருகிற வாகனங்கள் வந்து முடிந்தால்தான் இந்தக் கரையில் நிற்பவர்கள் ஏறலாம். பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டதோடு அந்தக் காத்திருப்பு முடிந்துபோனது. மாமாவின் விரலுக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

அதே 2002இல் வந்த 'மாஃபியா' என்ற விளையாட்டில் சிவப்பு விளக்கை மீறினாலும் வேக எல்லையைத் தாண்டினாலும் பொலிஸ் துரத்தி வந்து அபராதம் எழுதும். மாமாவுக்கு அதைத்தான் அடுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறேன். அவருடைய பழக்கங்களுக்கு மரியாதை கிடைக்கிற இடம் அது.

உங்கள் வீட்டில் யார், என்ன செய்கிறார்கள்? எழுதுங்கள்.

காத்தான்குடியிலிருந்து:

எங்கள் காக்கா, அதாவது அண்ணன், கார்ப் பந்தயம் விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். முந்துகிற நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு, பெருவிரல் நகம் வெளுத்துப்போகும்வரை எக்ஸ் பொத்தானை அழுத்துவார். அவர் இப்போது பாவிப்பது பிளேஸ்டேஷன் 4. அதில் அந்தப் பொத்தான் ஒன்றில் அழுத்தப்பட்டிருக்கும், இல்லையென்றால் அழுத்தப்படாமல் இருக்கும். நடுவில் வேறு நிலை கிடையாது. மெதுவாகத் தொட்டாலும் மலையைப் போட்டு அமுக்கினாலும் கார் ஒரே வேகம்தான்.

ஆனால் காக்காவைக் குறை சொல்ல முடியாது. அவர் பழகியது பிளேஸ்டேஷன் 2இல். 2000ஆம் ஆண்டில் அதனோடு வந்த கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணரும். 2001இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ 3'இல் எக்ஸை எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோமோ அவ்வளவு ஆக்சிலரேட்டர். அரைகுறையாக அழுத்தினால் அரைகுறை வேகம். நான்காவது பிளேஸ்டேஷன் 2013இல் வந்தபோது அந்தப் பொத்தான்களிலிருந்து அழுத்த உணர்வை எடுத்துவிட்டார்கள். பின்பக்கம் சுட்டுவிரலால் இழுக்கிற விசையில் மட்டும் அது இருக்கிறது. இப்போதைய பந்தய விளையாட்டுகள் ஆக்சிலரேட்டரை வைப்பதும் அங்கேதான். காக்கா அமைப்புக்குள் போய் அதை எக்ஸுக்கு மாற்றி வைத்திருக்கிறார். அழுத்தம் எடுபடுகிற இடத்தை விட்டுவிட்டு, எடுபடாத இடத்தில் போட்டு அழுத்துகிறார். சொன்னேன். "எனக்கு இதில்தான் கார் ஓடுகிறது" என்றார்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

உங்கள் காக்காவுக்குத் துணையாக ஓர் ஆய்வு இருக்கிறது. ஜேம்ஸ் ஹென்ஸ்லின் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து டாக்சி சாரதிகள் தாயக்கட்டை உருட்டிப் பணம் வைத்து ஆடுவதைக் கூடவே இருந்து கவனித்து, 1967இல் ஒரு கட்டுரை எழுதினார். சிறிய எண் வேண்டுமென்றால் மெல்ல உருட்டுவார்களாம், பெரிய எண் வேண்டுமென்றால் ஓங்கி வீசுவார்களாம். கட்டைக்கு அது தெரியப்போவதில்லை. வாகனம் ஓட்டுகிறவர்களின் கையே அப்படித்தான் போலும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

கேம் கேசட்டை ஊதுவதை இதுவரை யாரும் எழுதாதது ஆச்சரியமாக இருக்கிறது. வாப்பா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த கேம் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. நிண்டென்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபாமிகாமின் நகல் அது என்பது வளர்ந்த பிறகுதான் தெரியும். திரையில் படம் வராமல் கோடு கோடாக ஓடும். உடனே கேசட்டைப் பிடுங்கி, கீழ்ப்பக்கப் பிளவில் புல்லாங்குழல் வாசிப்பதைப் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊதி, திரும்பச் சொருகுவோம். படம் வரும். ஊதியதால்தான் வந்தது என்று சத்தியம் செய்வோம்.

உண்மையில் பிடுங்கித் திரும்பச் சொருகியதுதான் வேலை செய்தது. உலோகத் தொடுமுனைகள் மறுபடி உராய்ந்து சரியாகப் பொருந்திவிடும். ஊதுவது கெடுதல். மூச்சின் ஈரம் அந்த முனைகளை அரிக்கும்; நிண்டென்டோவே ஊத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. எங்களுடைய கடற்கரைக் காற்றில் சும்மா வைத்தாலே எதுவும் துருப்பிடிக்கும், அதில் மூச்சையும் சேர்த்து ஊதினோம். உம்மாதான் ஒரு நாள் என்னுடைய பாடசாலைப் பையிலிருந்து அழிறப்பரை எடுத்து அந்த மஞ்சள் முனைகளை மெல்லத் தேய்த்து, துணியால் துடைத்துத் தந்தார். அதன் பிறகு அந்தக் கேசட் நெடுநாள் தொந்தரவு தரவில்லை. சரியான வைத்தியம் அதுதான். வீட்டில் விளையாடாத ஒரே ஆள் கண்டுபிடித்தது.

இன்றைக்கும் நான் பென் டிரைவைச் சொருகுவதற்கு முன் ஊதுகிறேன். என் மகளும் ஊதுகிறாள். அவள் வாழ்நாளில் கேசட்டைக் கண்டதில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து:

தோட்டா நிரப்பும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் இது ஒன்றுதான் மற்றவர்களையும் பாதிக்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் விடுதி நண்பர்கள் கணினிகளை வயரால் இணைத்து 'கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6' விளையாடுவோம். ஏகே 47இல் முப்பது தோட்டா. என் அணியில் இருந்த நண்பன் இரண்டைச் சுட்டாலும் உடனே ரீலோட் பொத்தானைத் தட்டுவான். ரீலோட் முடிய ஏறக்குறைய இரண்டரை விநாடி ஆகும். அந்த நேரத்தில் சுட முடியாது.  சூடு நின்றதுமே எதிரணியினர் உள்ளே பாய்ந்துவிடுவார்கள். அவனும் சாவான், பின்னால் நிற்கிற நானும் சாவேன்.

"மச்சான், இருபத்தெட்டு தோட்டா மிச்சம் இருக்கிறது, எதற்கு நிரப்புகிறாய்?" என்று கேட்டால், "குறைந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை" என்பான். அந்த விளையாட்டில் மிச்சத் தோட்டா வீணாவதில்லை, சேமிப்போடு சேர்ந்துவிடும். அதனால்தான் இந்தப் பழக்கம் செழிக்கிறது. முதலில் எழுதியவர் சொன்ன அதே 'மாஃபியா'வில் பாதி நிரம்பிய மகசினை மாற்றினால் அதிலுள்ள தோட்டாக்கள் போனது போனதுதான். அதை ஒரு வாரம் விளையாடினால் யாருக்கும் இந்த நோய் தீரும்.

கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதையும் சிலர் வெட்டிப் பழக்கம் என்கிறார்கள். அது அப்படியல்ல. 1.6இல் கத்தியோடு ஓடும் வேகம் 250, ஏகே 47ஓடு 221. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கத்தியோடு ஓடினால் வேகம் கூடாத விளையாட்டுகளிலும் அதே நண்பன் கத்தியோடுதான் ஓடுகிறான்.

சம்மாந்துறையிலிருந்து:

போக்கிமான். பந்தை வீசி விநோத உயிர்களைப் பிடிக்கிற விளையாட்டு. வீசியதும் பந்து மூன்று தடவை ஆடும். அது ஆடுகிற தாளத்துக்கு ஏற்பக் கீழ்ப் பொத்தானையும் பி பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பேன். 1996இல் ஜப்பானில் முதல் விளையாட்டு வந்த காலத்திலிருந்து உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகமே இல்லை. பந்து வீசிய கணத்திலேயே கணக்கு முடிந்துவிடுகிறது, பிடிபடுமா இல்லையா என்பது அப்போதே முடிவு. தெரிந்துகொண்டுதான் அழுத்துகிறேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:

உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1948இல் எழுதிய புறாக்கள் பற்றிய கட்டுரை இதற்கு மிகவும் பொருந்தும். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வந்து விழும்படி வைத்தார். ஒரு புறா தீனிக்காகக் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது. வேறு சில, தலையை ஊஞ்சல் போல ஆட்டத் தொடங்கின. தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டன. பொத்தானை அழுத்திய நேரத்தில் ஒரு தடவை போக்கிமான் பிடிபட்டால் போதும், விரல் அதை விடாது.

செங்கலடியிலிருந்து:

நான் 'ஸ்டார்டியூ வேலி' விளையாடுகிறவள். தோட்டம் செய்கிற விளையாட்டு. அதில் நினைத்த நேரத்தில் சேமிக்க முடியாது. நம் பாத்திரம் கட்டிலில் போய்ப் படுத்து உறங்கினால்தான் அன்றைய நாள் பதிவாகும். விளையாட்டின் ஒரு முழு நாள், நம் கணக்கில் பதினான்கு நிமிடம் அளவில்.

இலங்கையில் 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. என்னுடையது மேசைக் கணினி. மின்சாரம் போனால் அந்தக் கணமே எல்லாம் போய்விடும். அட்டவணையில் எங்கள் பிரிவுக்குப் போட்டிருக்கிற நேரத்தைப் பார்த்துக்கொண்டே விளையாடுவேன். வெட்டு நெருங்கினால் விளையாட்டில் காலை ஒன்பது மணி என்றாலும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிப்போய்ப் படுத்துவிடுவேன். பூசணி காய்க்கப் பதின்மூன்று நாள் வேண்டும். அதில் ஒரு நாளையும் இழக்க எனக்கு மனம் வராது.

இப்போது மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் என் பாத்திரம் முற்பகலிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டு உறங்கப் போகிறது. மீன் பிடிக்கலாம், சுரங்கத்துக்குப் போகலாம், ஊராரோடு கதைக்கலாம். போவதில்லை. "அக்கா, உங்கள் ஆளுக்கு ஏதும் சுகமில்லையா?" என்று தம்பி கேட்கிறான். மின்வெட்டுக் காலத்தில் அவன் உயர்தரப் பரீட்சைக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தவன். இன்றைக்கும் மாலையானால் பேனாவுக்குப் பக்கத்தில் மெழுகுதிரியை எடுத்து வைக்கிறான். அவனிடம் நான் ஒன்றும் கேட்பதில்லை.

திருக்கோவிலிலிருந்து:

உடம்பைச் சாய்ப்பது பற்றி. என் அம்மா விளையாடுவதே இல்லை. நான் கைத்தொலைபேசியில் 'அஸ்பால்ட்' என்ற கார்ப் பந்தயம் ஓட்டும்போது பக்கத்தில் இருந்து பார்ப்பார். நான் தொலைபேசியைச் சாய்ப்பது காரைத் திருப்புவதற்காக. அதற்குள் இருக்கிற உணர்கருவி அதை அறியும். அம்மா எதற்காகச் சாய்கிறார்? இடது வளைவில் என் தோளில் வந்து முட்டுவார். வலது வளைவில் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். கார் பாய்ந்து மேலே பறந்தால் காலைத் தூக்குவார். பொத்துவில் பஸ்ஸில் சன்னலோரம் இருந்தாலும் அம்மா இப்படித்தான்.

பொத்துவிலிலிருந்து:

எங்கள் ஊர் பஸ்ஸைச் சொன்னதால் நானும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பழக்கம், மருந்தைச் சேர்த்து வைப்பது. தம்பி 'பப்ஜி மொபைல்' விளையாடுகிறான். அதில் மெட்கிட் என்றால் முழு உயிரையும் மீட்கிற மருந்துப் பெட்டி, இலகுவில் கிடைக்காது. ஒன்று கிடைத்தால் பையில் போட்டு வைப்பான். அடிபட்டுக் கிடக்கும்போதும் ஒவ்வொன்றும் சிறிதளவே உயிர் கூட்டுகிற பேண்டேஜைத்தான் சுற்றிக்கொண்டிருப்பான். "மெட்கிட்டைப் பாவியேன்" என்றால், "இதைவிடக் கஷ்டமான நேரம் வரும் அண்ணா" என்பான். போன வெள்ளிக்கிழமை கடைசி வட்டம்வரை வந்து, பையில் நான்கு மெட்கிட் இருக்க, பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டான். அவனைச் சுட்டவன் வந்து அந்த நான்கையும் எடுத்து, ஒன்றை அங்கேயே பாவித்து, அந்த ஆட்டத்தை வென்றான்.